அம்மா கூலி

மேடையில் நான்கு சிவப்பு சோபாக்கள் போட்டிருந்தார்கள். பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து வாடகைக்கு எடுத்தவை. ஒன்றின் கைப்பிடியில் சந்தனக் கறை அப்படியே இருந்தது. பின்னால் பிளெக்ஸ் பேனரில் வாயைப் பிளந்தபடி ஒரு சுறா. கடலுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? மலைக்கோட்டையும் தோல் ஷாப்பும் பூட்டும் பிரியாணியும் எங்களுடையவை. சுறா டிவியிலிருந்து வந்தது.

கல்லூரியின் தொழில்முனைவோர் பிரிவு நடத்திய போட்டி அது. மாணவர்கள் ஆளுக்கு ஏழு நிமிடத்தில் தங்கள் தொழில் யோசனையைச் சொல்ல வேண்டும். நடுவர்களில் ஒருவர் நூற்பாலை வைத்திருப்பவர், ஒருவர் பைனான்ஸ் நடத்துபவர், இன்னொருவர் சென்னையில் மென்பொருள் நிறுவனம் தொடங்கிய பழைய மாணவர். நான்காவது நான். மதிப்பெண் தாளில் 'பேச்சுத்திறன்' என்றொரு கட்டம் இருந்தது. அதை நிரப்பத் தமிழ்த்துறை ஆள் வேண்டியிருந்தது. நடுவர்களில் ஒரு பெண்ணும் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே ஆளில் முடிந்துவிட்டது.

மூன்றாவதாக வந்த பையன் கோட்டு போட்டிருந்தான். விவசாயிகளுக்கு டிரோன் வாடகைக்கு விடும் செயலி. இன்னும் டிரோன் வாங்கவில்லை, செயலியும் செய்யவில்லை. ஆனால் அவன் கை வீசி நடந்ததும், நடுவர்களின் பெயரைச் சொல்லி அழைத்ததும், ஓரிடத்தில் பேச்சை நிறுத்திச் சிரித்ததும் அப்படியே தொலைக்காட்சி. "அஞ்சு வருஷத்துல எங்க இருப்ப தம்பி?" என்று கேட்டார் நூற்பாலைக்காரர். "தென் தமிழ்நாடு முழுக்க சார்" என்றான். அரங்கம் விசிலடித்தது. நான் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அடுத்து வந்தவள் வணிகவியல் இரண்டாமாண்டு மாணவி. சின்னாளபட்டிக்காரி. கையில் கட்டைப்பை. அதிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தாள். சாயம் ஏறி, முடிச்சு இன்னும் பிரிக்காத துணி. கொப்புளம் கொப்புளமாக, தொட்டால் அம்மை போட்ட தோல் மாதிரி இருக்கும். இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்தாள். முடிச்சுகள் படபடவென்று தெறித்துப் பிரிந்தன. மாந்தளிர் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். கைக்கட்டுச் சுங்குடி. அரங்கத்தில் ஒரு நொடி பேச்சு நின்றது. பிறகு அவள் பேசத் தொடங்கினாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

அவள் அம்மாவும் சித்தியும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாகப் பதினோரு பேர் முடிச்சுப் போடுகிறார்கள். மெழுகு அச்சுச் சுங்குடி வந்த பிறகு கைக்கட்டுக்குக் கடைக்காரர்கள் நல்ல விலை தருவதில்லை. சேலையைவிடத் துப்பட்டா சீக்கிரம் முடியும், கல்லூரிப் பிள்ளைகள் வாங்குவார்கள், நேரடியாக விற்கலாம் என்பது அவள் யோசனை. கேட்டது 2 லட்சம்.

"ஒரு துப்பட்டா என்ன விலை?"

"600 ரூபா சார்."

"லாபம்?"

"துணி, நூல், சாயம், முடிச்சுக்கூலி, பஸ் செலவு எல்லாம் சேர்த்து 480 ஆகுது சார். 120 நிக்கும். ஆனா அம்மா கூலி 160 சேர்த்தா, 40 ரூபா நஷ்டம்."

பைனான்ஸ்காரர் சிரித்துவிட்டார். "அம்மா கூலிய எதுக்கும்மா சேர்க்கிற? அது வீட்டு வேலைதானே?"

அரங்கமும் சிரித்தது. மாத விற்பனை எவ்வளவு என்று கேட்டதற்கு, "அம்மா நோட்டுல இருக்கு சார்" என்றாள். அதற்கும் சிரிப்பு. எத்தனை சதவீதப் பங்கு தருவாய் என்றபோது, "பங்கு எப்படிச் சார் தர முடியும்? நாங்க பதினோரு பேர் இருக்கோமே" என்றாள். கடைசியாக அந்தக் கேள்வி வந்தது. கல்யாணமாகிப் போய்விட்டால் இந்தத் தொழிலை யார் பார்ப்பது? டிரோன் தம்பியிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டது வேறொன்று. "ஏம்மா, கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துப் பேசக் கூடாதா?" கேட்டுவிட்டுப் பத்துக்கு நான்கு போட்டேன். பரிசு கோட்டுக்குப் போனது.

இந்த நிகழ்ச்சிகளை நான் வெறுப்பவள் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பரில் சோனி தொலைக்காட்சியில் 'ஷார்க் டேங்க் இந்தியா' தொடங்கியபோது, தப்பும் தவறுமான என் இந்தி அறிவோடு இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2001இல் ஜப்பானில் பணப் புலிகளாகப் பிறந்தவர்கள், 2005இல் பிபிசியில் டிராகன்களாகி, 2009இல் அமெரிக்காவில் சுறாக்களாகி நம்மிடம் வந்து சேர்ந்தார்கள். 2025இல் விஜய் டிவியின் 'ஸ்டார்ட்அப் சிங்கம்' வந்தது. புலி, டிராகன், சுறா, சிங்கம். பணம் வைத்திருப்பவருக்கு ஏன் எப்போதும் கடிக்கிற பிராணியின் பெயரே கிடைக்கிறது என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். "பசு மாதிரி இருந்தா டிஆர்பி வராது மேடம்" என்று பின் வரிசையிலிருந்து பதில் வந்தது.

உண்மையான திறமை அந்த மேடைகளுக்கு வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் பருவத்தில் மாலேகாவ் பக்கத்திலிருந்து கமலேஷ் என்ற விவசாயி வீட்டு இளைஞர் வந்தார். முதுகில் மருந்துக் கேனைச் சுமந்து தெளிப்பவர்களின் கஷ்டத்தைப் பார்த்து, பழைய சாமான்களைக் கொண்டு தள்ளுவண்டித் தெளிப்பான் ஒன்றைச் செய்திருந்தார். பியூஷ் பன்சால் 40 சதவீதப் பங்குக்கு 10 லட்சமும், வட்டியில்லாக் கடனாக 20 லட்சமும் தருவதாகச் சொன்னபோது நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்த பிறகுதான் கணக்கு உறைத்தது: ஒருவருடைய வாழ்நாள் யோசனையில் நூற்றுக்கு நாற்பது, 10 லட்சம். அது நியாயமா அநியாயமா என்பது வேறு விவாதம். என்னை அழ வைத்தது அவருடைய வண்டியா அவருடைய வறுமையா என்று எனக்கே தெளிவாகவில்லை. அவர் வண்டியை விவரித்த நேரத்தைவிட, அவர் கதைக்கு வாசித்த பின்னணி வயலின்தான் நினைவில் நிற்கிறது.

அங்கே காட்டப்படுவது ஒரு திறமை என்பதில் சந்தேகமில்லை. பணம் உள்ளவர் முன் நின்று, குறைந்த நேரத்தில், அவர் மொழியில் கேட்கிற திறமை. மணிக்கணக்கில் நடக்கும் பேச்சைச் சில நிமிடங்களாக வெட்டித்தான் காட்டுகிறார்கள். எது வியாபாரம், எது நாடகம் என்பதைத் தொகுப்பாளரின் கத்தரி முடிவு செய்கிறது. கைகுலுக்கியவுடன் பணம் வந்துவிடுவதும் இல்லை. கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அமெரிக்க நிகழ்ச்சியில் பங்கேற்றவர்களை விசாரித்த போர்ப்ஸ் இதழ், திரையில் முடிந்த ஒப்பந்தங்களில் கணிசமானவை பிறகு கைகூடாமலோ மாறியோ போனதைக் கண்டது. அதனால் என்ன, விளம்பரம் கிடைத்ததே என்று போனவர்களில் பலர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

கேட்கும் திறமை நமக்குப் புதியதல்ல. பரிசில் கேட்டு மன்னன் முன் நின்ற புலவர்களைப் பற்றித்தான் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் ஒன்று சொல்கிறார். அள்ளிக் கொடுப்பது சுலபம், வந்தவருடைய தகுதியைத் தரம் பிரித்து அறிவதுதான் அரிது. ஆகவே எல்லாப் புலவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு. இதற்கு நம் மரபில் 'வரிசை அறிதல்' என்று பெயர். பெருஞ்சித்திரனார், தன்னை நேரில் பார்க்காமலேயே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசை வாங்க மறுத்துவிட்டார். நான் என்ன வியாபாரியா, பார்க்காமல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக என்று கேட்டவர் அவர். இதையெல்லாம் பருவத்தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் போட்டவள்தான், முடிச்சுத் துணியோடு வந்தவளுக்கு நிமிர்ந்து நிற்கவில்லை என்று நான்கு போட்டேன். அவள் துணியை இழுத்துப் பிரித்தாளே, அதற்கு என் தாளில் கட்டமே இருக்கவில்லை. கட்டம் இல்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. டானா கான்ஸேயும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க்கில் நடந்த ஸ்டார்ட்அப் போட்டிகளின் கேள்வி பதில்களைப் பகுத்து 2017இல் எழுதியது. ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம் வளர்ச்சியைப் பற்றியவை: எவ்வளவு தூரம் போவாய், எத்தனை பேரைப் பிடிப்பாய். பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் இழப்பைப் பற்றியவை: இருப்பதை எப்படிக் காப்பாற்றுவாய், போய்விட்டால் என்ன செய்வாய். பெண் முதலீட்டாளர்களும் அப்படியேதான் கேட்டார்கள். 'எங்க இருப்ப தம்பி', 'கல்யாணமாகிப் போயிட்டா'. நியூயார்க்கும் திண்டுக்கல்லும் ஒரே வினாத்தாளை வைத்திருந்தன.

முதல் பருவத்தின் பெண் சுறாக்கள் மூவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நமிதா தாபர் தன் தந்தை தொடங்கிய எம்க்யூர் மருந்து நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர். வினீதா சிங், கஸல் அலக் இருவரும் கணவருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கியவர்கள். மூவருமே படித்தவர்கள், திறமைசாலிகள். வினீதா நம் சென்னை ஐஐடியில் படித்தவர். அப்பாவும் கணவரும் இருந்ததால்தான் மேலே வந்தார்கள் என்று சொல்லும் மலிவான பேச்சு என்னுடையது இல்லை. ஆனால் அப்பாவின் முதலும் கணவரின் கூட்டும் தொழிலுக்குள் கணக்காகிறபோது, சின்னாளபட்டியில் ஒரு அம்மாவின் உழைப்பு மட்டும் எப்படிக் கணக்குக்கு வெளியே போகிறது?

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். அதே வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். சுங்குடியில் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கும். உலை கொதிக்கிற நேரத்தில் பத்து முடிச்சு, பிள்ளை தூங்குகிற நேரத்தில் ஐம்பது முடிச்சு. நகத்தால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இழுத்து, அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். ஒரு சேலை என்றால் ஆயிரக்கணக்கில். எது சமையல், எது தொழில் என்று பிரிக்க முடியாத அந்த நேரத்துக்குத்தான் அந்தப் பெண் 160 ரூபாய் போட்டாள். நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் கோடிகளில் நஷ்டம் காட்டினால் அது 'வளர்ச்சிக் கட்டம்' என்று டிவியில் விளக்குகிறார்கள். அவளுடைய 40 ரூபாய்க்குத்தான் சிரிப்பு வந்தது.

சிரித்தவர்களோடு நானும் இருந்தேன் என்பது ஒருபுறம். அதைவிடப் பழைய கடன் ஒன்று எனக்கு உண்டு.

என் அம்மா தவணைச் சேலை விற்றவர். 1986 முதல் 2004 வரை. சின்னாளபட்டியில் மொத்தமாக எடுத்து, ஒயர் கூடையில் அடுக்கி, நாகல்நகரிலிருந்து நடந்தே ஆசிரியர் குடியிருப்புகளுக்கும் ரயில்வே லைன் வீடுகளுக்கும் போவார். மாதம் 20 ரூபாய்த் தவணை. அப்பா அதை 'உங்கம்மாவோட பொழுதுபோக்கு' என்பார். என் கல்லூரிக் கட்டணமும் ஆய்வுக் காலத்து மதுரை விடுதிக் கட்டணமும் அந்தப் பொழுதுபோக்கிலிருந்து வந்தவை. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றுதான் எழுதினேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் 'என்னைப் படிக்க வைத்த அப்பாவுக்கும், வேளைக்குச் சமைத்துப் போட்ட அம்மாவுக்கும்' என்று இருக்கிறது. பெண்ணெழுத்து பற்றிய ஆய்வேடு அது.

அவருடைய நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. போட்டி முடிந்த வாரத்தில் எடுத்துப் பார்த்தேன். பெயர், சேலை நிறம், விலை, தவணை. அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள். என்னவென்று கேட்டேன். வட்டம் போட்டிருந்தால் சனிக்கிழமை கூலி வாங்கும் வீடு, ஞாயிறு காலை போக வேண்டும். பெருக்கல் குறி என்றால் புருஷன் வீட்டிலிருக்கும்போது கேட்கக் கூடாத வீடு. அந்தப் பெண் தெரியாமல் வாங்கியிருப்பாள். இரண்டு கோடு இழுத்திருந்தால் பிரசவம், மூன்று மாதம் வாயைத் திறக்கக் கூடாது. வாடிக்கையாளரின் வருமானம், அது வரும் நாள், திருப்பிக் கொடுக்கும் திறன், எந்த இடத்தில் கேட்டால் உறவே அறுந்துபோகும் என்பது வரை மூன்று குறிகளில் அடங்கியிருந்தது. வாராக்கடன் மிகக் குறைவு. பதினெட்டு வருட வியாபாரம்.

இதை ஏழு நிமிடத்தில் எப்படிச் சொல்வது? ஒரு சுறா முன்னால் என் அம்மா நின்றால் "சும்மா, தெரிஞ்சவங்களுக்குக் குடுக்குறேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்குலப் பெண் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர் விற்று, அதில் வரும் தானியத்தால் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். அதற்குப் பதில் எருமையும் நல்ல பசுவும் கன்றுமாகப் பெற்றுக்கொள்கிறாள். அன்றாடச் செலவுக்கு மோர், முதலீட்டுக்கு நெய். பூட்டி வைக்கும் பொன்னைவிடப் பால் தரும் மாடு மேல் என்று தெரிந்தவள். ஆற்றுப்படையின் பரிசிலுக்கு வருகிறவன் பாணன். அந்தப் பெண் யாரிடமும் எதுவும் கேட்டு வரவில்லை. வழியில் இருக்கிறாள், அவ்வளவுதான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் போகிற போக்கில் அவளைப் பார்த்துவிட்டார். நான் பதினைந்து வருடம் அந்த இடத்தை 'முல்லை நில மக்களின் வாழ்க்கை' என்று தலைப்புக் கொடுத்து நடத்தியிருக்கிறேன்.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி, களஞ்சியம் குழுக்களைக் கட்டியெழுப்பியவர். 2001இல் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் நாடு முழுக்கப் போனது. 2019இல் பத்மஸ்ரீ. வணங்கியது நினைவிருக்கிறது. கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்க அவர்கள் எப்படிச் சேமித்தார்கள், எப்படிச் சுழற்றினார்கள் என்று என் வகுப்பில் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. மேடை எப்போதும் அப்படித்தான், நல்ல மேடையும்கூட.

அந்த மாணவி இரண்டு வாரம் கழித்து ஏதோ கையெழுத்துக்காகத் துறைக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது சங்கடமாகிவிட்டது. "பரவால்ல மேடம், நான் நிமிர்ந்து பாத்திருக்கணும்" என்றாள். அது என்னை இன்னும் மோசமாக உணரவைத்தது. பேச்சை மாற்ற, அம்மா கூலியைச் சேர்க்க வேண்டுமென்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"ஷார்க் டேங்க் பாத்துத்தான் மேடம்."

நான் எதிர்பார்க்காத பதில். யூடியூபில் துண்டு துண்டாகப் பார்ப்பாளாம். வருகிற ஒவ்வொருவரிடமும் "நீங்க சம்பளம் எடுக்குறீங்களா?" என்று கேட்பார்களாம். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, "நீ எவ்வளவும்மா எடுக்குற?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "எனக்கு நானே கூலி குடுக்குறதா?" குறி வைப்பது, சாயம் போடுவது, பிரிப்பது, கணக்கு எழுதுவது என்று இருவரும் மூன்று நாள் உட்கார்ந்து மணி பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்படி வந்ததுதான் 160. அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க அம்மா யாரோடும் பேசவில்லையாம்.

ஆக, அந்த நிகழ்ச்சியிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியை. அதை எங்கள் மேடைக்குக் கொண்டுவந்தபோது, அதே நிகழ்ச்சியை நகலெடுத்துக் கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது அடையாளம் தெரியவில்லை.

அவளுக்கு வேண்டியது பங்குதாரர் இல்லை என்பதும் பேசப் பேசத்தான் புரிந்தது. துணி வாங்குவதிலிருந்து விற்ற காசு கைக்கு வரும்வரை ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் பதினோரு பேருக்குக் கூலி கொடுக்கச் சுழலும் பணம் வேண்டும். சுறாவுக்கு அது சுவாரசியமில்லாத பசி. பத்து மடங்காகப் பெருகாத ஒன்றில், பங்கை விற்று வெளியேற முடியாத ஒன்றில், அவர்கள் கடிக்க மாட்டார்கள். குழுக் கடனுக்கும் முத்ரா கடனுக்கும் அலைவதாகச் சொன்னாள். துப்பட்டா விலையை 750 ஆக்கியிருக்கிறாள். விற்பனை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் போய்விட்டது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏத்தா, அந்தப் பிள்ளைக்குப் போனப் போடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அறிமுகமெல்லாம் இல்லை, நேராக ஆரம்பித்துவிட்டார். "பாப்பா, சாயக்காரன் கடன் குடுக்கிறானா, ரொக்கமா? மழைக்காலத்துல காயப்போட இடம் இருக்கா? முடிச்சுப் போடுற பொம்பளைகளுக்கு சனிக்கிழமை தவறாம காசு போயிருதா? பாக்கி நிக்கிற கடை எத்தன, யாரு யாரு?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"இருங்க பாட்டி, அம்மா நோட்ட எடுத்துட்டு வர்றேன்."